காரியஸ்தர் எழுதிய சுரங்கம்

வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரில் ஆல்ஸ்டன் மூர், ஆலன்டேல், வியர்டேல் ஆகிய சுரங்கப் பகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் அங்கே வெட்டிய காரீயத் தாது அந்த மலையிலேயே உருக்கப்பட்டது. பாளங்கள் பொதிக்குதிரை முதுகில் நியூகாசிலுக்கு வந்து, டைன் ஆற்றுத் துறையில் கப்பலேறி லண்டனுக்கும் ராட்டர்டாமுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போயின. முதல் போட்டவர் ஆண்டின் பாதியை லண்டனில் கழித்தார். உருக்காலை மலையில், கிடங்கு நியூகாசிலில், வாங்குபவர் கடலுக்கு அப்பால். ஒருவர் முகத்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் பார்க்காமலே வணிகம் நடந்தது. அதை நடத்தியது கடிதம்.

அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பாராட்டுவது எளிது. நேர்த்தியான கையெழுத்து, நாள் தவறாத பதில், ஒரு பென்னி பிசகாத கணக்கு. பாராட்டில் உண்மையும் உண்டு. ஆனாலும் என் தீர்ப்பு வேறு. கடிதம் தொலைவை வென்றது. அந்த வெற்றிக்கு விலையாக, சுரங்கத்தைப் பற்றி எவர் எழுதினாரோ அவர் கையில் சுரங்கத்தையே கொடுத்துவிட்டது. முதலாளி ஆண்டது மலையில் இருந்த சுரங்கத்தை அல்ல, காரியஸ்தர் எழுதிய சுரங்கத்தை.

அக்காலத்துத் தபாலின் விதிகள் தெரிந்தால்தான் கடிதங்களின் தன்மை பிடிபடும். 1711ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 80 மைல் வரை 3 பென்னி, அதற்கு மேல் 4 பென்னி. இரண்டு தாள் என்றால் கட்டணம் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகக் கணக்கில் வரும் என்பதால், எழுதிய தாளையே மடித்து அரக்கு முத்திரை வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதினார்கள். பணம் கொடுப்பவர் பெறுபவர். நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து வடக்கே தபால் புறப்பட்டது வாரத்தில் மூன்றே நாள். ஆகவே எழுதுபவர் ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும்: காரீயத்தின் அன்றைய விலை, புதிய தாதுரேகையின் போக்கு, பனியால் மூடிய பாதை, குதிரைத் தீவனம், வர வேண்டிய நிலுவை, நகராட்சித் தேர்தல். டேனியல் டீஃபோ 1720களில் வணிகர்களுக்காக எழுதிய கையேட்டில், வணிகக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அலங்காரம் வேண்டாம், தெளிவு வேண்டும் என்பது அவர் கட்சி. காரீய வணிகர்களுக்கு அந்தத் தெளிவைக் கற்றுக் கொடுத்ததில் தபால் கட்டணத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எல்லோருக்கும் அந்தக் கட்டணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலன்டேல், வியர்டேல் சுரங்கங்களை நடத்திய சர் வால்டர் பிளாக்கெட் 1734 முதல் 1777 வரை நியூகாசிலின் நாடாளுமன்ற உறுப்பினர். உறுப்பினர்களின் கடிதங்கள் இலவசமாகப் போய்வரும். இந்தச் சலுகை எவ்வளவு தாராளமாகக் கையாளப்பட்டது என்றால், முகவரி முழுவதையும் உறுப்பினரே தம் கைப்பட எழுத வேண்டும் என்று 1764இல் சட்டம் போட வேண்டியிருந்தது. பெரிய முதலாளிக்குச் செய்தி இலவசம், சிறிய வணிகருக்குக் காசு. விலைச் செய்தியே மூலதனமாக இருந்த ஒரு தொழிலில் இது சிறிய அநீதி அல்ல.

இனி இந்த முறையின் உண்மையான வலிமைக்கு வருகிறேன். ஒவ்வொரு கடிதமும் எந்தத் தேதியிட்ட கடிதத்துக்குப் பதில் என்று சொல்லியே தொடங்கும். வெளியே போகும் ஒவ்வொன்றையும் கணக்கப்பிள்ளை தைத்த ஏட்டில் நகல் எடுத்து வைப்பார். இந்த இரண்டு பழக்கங்களும் சேர்ந்து, அறுபடாத ஒரு சங்கிலியைத் தந்தன. காரியஸ்தர் இறந்தாலும் அடுத்தவர் நகலேட்டைப் புரட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வழக்கு வந்தால் சாட்சியாகக் காட்டலாம். 1692இல் அரச பட்டயம் பெற்ற லண்டன் காரீயக் கம்பெனி 1905 வரை நீடித்தது. பெரும்பாலும் குவேக்கர் சமயத்தாரின் கையில் இருந்த அந்தக் கம்பெனி, லண்டனில் உட்கார்ந்துகொண்டு இருநூறு ஆண்டு மலைச் சுரங்கங்களை நிர்வகித்தது ஏடு காக்கும் இந்த ஒழுக்கம் இல்லாமல் முடிந்திருக்காது.

பணம் அனுப்பிய விதம் இதைவிட வியப்பானது. காரீயம் விற்ற பணம் லண்டனில் கிடக்கும். கூலி கொடுக்க வேண்டியது மலையில். 275 மைல் தூரம் நாணயத்தை வண்டியில் ஏற்றுவது கொள்ளையர்களுக்கு அழைப்பு. நியூகாசில் காரியஸ்தர் லண்டனில் தம் பணம் இருக்கும் இடத்தின் மேல் மாற்றுண்டியல் எழுதுவார். லண்டனில் கடன் கட்ட வேண்டிய நியூகாசில்காரர் ஒருவர் அதை ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்வார். அந்த ரொக்கம் மலைக்குப் போகும். உண்டியல் லண்டனுக்குப் போகும். இதற்கு ஒரே நிபந்தனை, உண்டியல் போய்ச் சேரும் முன்பே, இப்படியொன்று வருகிறது என்ற அறிவிப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டும். பனியில் தபால் தாமதித்தால் உண்டியல் திரும்பும், பெயர் கெடும். நியூகாசிலில் முதல் வங்கி வந்ததே 1755இல்தான். அதுவரை வங்கி செய்ய வேண்டியதைக் காகிதமும் நாணயமான பெயரும் செய்தன.

வெள்ளி விஷயத்தில் கடிதத்தின் கூர்மை முழுதாகத் தெரிகிறது. காரீயத் தாதுவில் வெள்ளியும் கலந்திருக்கும். அதைப் பிரிக்க, எலும்புச் சாம்பலால் செய்த தட்டில் காரீயத்தை உருக்கிக் காற்றை ஊதுவார்கள். காரீயம் மிருதார்சிங்கியாக மாறி வழிந்து ஓட, கடைசியில் வெள்ளி மட்டும் தட்டில் நிற்கும். வழிந்ததை மறுபடி காரீயமாக்க எரிபொருளும் கூலியும் ஆகும், கொஞ்சம் காரீயம் நட்டமும் ஆகும். ஆகவே டன்னுக்கு சுமார் 8 அவுன்ஸ் வெள்ளியாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். பேட்டின்சன் கண்டுபிடித்த புதிய முறை 1833இல் வரும்வரை இதுதான் நிலை. டெர்பிஷயர் காரீயத்தில் வெள்ளி மிகக் குறைவு. அங்கே இந்தக் கேள்வியே எழவில்லை. பென்னைன் காரீயமோ பெரும்பாலும் அந்த 8 அவுன்ஸ் கோட்டை ஒட்டியே நின்றது. எந்தச் சுரங்கத்துக் காரீயத்தைப் பிரிப்பது, எதை அப்படியே விற்பது என்பது ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. மலையிலிருந்து சோதனை அளவு வர வேண்டும், லண்டனிலிருந்து வெள்ளி விலை வர வேண்டும்.

அந்த விலையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நாணயச் சாலை தரும் விலை ஓர் அவுன்ஸுக்கு 5 ஷில்லிங் 2 பென்னி என்று நிலையாக இருந்தது. சந்தையிலோ, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களுக்காக வெள்ளி திரட்டும்போது இரண்டு மூன்று பென்னி ஏறிவிடும். நாணயச் சாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டன் 1717இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இதைத்தான் சுட்டினார். சென்னைக்கும் வங்கத்துக்கும் சீனத்துக்கும் போகும் வெள்ளியின் தேவை, பென்னைன் மலையில் ஓர் உருக்காலை உலை மூட்டுவதா வேண்டாமா என்ற முடிவுக்குள் நுழைந்தது. சுரங்கக் கம்பெனிகள் நாணயச் சாலைக்குக் கொடுத்த வெள்ளியில் அடித்த காசுகளில் ரோஜாவும் இறகும் பொறித்தார்கள். ரோஜா இங்கிலாந்து வெள்ளிக்கு, இறகு வேல்ஸ் வெள்ளிக்கு. அந்தக் காசுகளுக்குப் பின்னால், இலாபம் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்த காகிதங்களும் இருந்தன.

குறைகளில் முதலில் சிறியவை. காரீயத்தின் விலையை ஃபோதர் என்ற எடைக்குச் சொல்வார்கள். லண்டன் ஃபோதர் பத்தொன்பதரை அந்தர். நியூகாசிலில் 21 அந்தர், டெர்பிஷயரில் இருபத்திரண்டரை. லண்டனில் 15 பவுன் விலை என்று கடிதம் வந்தால், நியூகாசில் கணக்கில் அது 16 பவுன் 3 ஷில்லிங். பழகியவர் மனக்கணக்காகவே மாற்றிக்கொள்வார். புதியவர் ஒவ்வொரு ஃபோதரிலும் ஒரு பவுனுக்கு மேல் இழப்பார். தேதியிலும் இதே சிக்கல். 1752 வரை இங்கிலாந்து பழைய நாட்காட்டியில் இருந்தது, ஹாலந்து புதியதில்; 1700க்குப் பிறகு இடைவெளி 11 நாள். இத்தனை நாள் தவணை என்று உண்டியல் எழுதினால் எந்த ஊர்த் தேதியிலிருந்து என்று சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது என்பதால், பிப்ரவரிக் கடிதம் எந்த ஆண்டுக்குரியது என்ற குழப்பமும் உண்டு. குவேக்கர்கள் பிற தெய்வப் பெயர்கள் கொண்ட மாதங்களை எழுத மறுத்து எண்ணால் குறித்தார்கள். அவர்களது முதல் மாதம் 1752க்கு முன் மார்ச், பின்னர் ஜனவரி. இவை தொல்லைகள்தாம், ஆனால் தேர்ந்த கைகள் சமாளித்தன. கடித முறையை நான் குறை சொல்வது இவற்றுக்காக அல்ல.

பூமிக்கு அடியில் இருப்பதைக் கடிதத்தால் சரிபார்க்க முடியாது என்பதுதான் பெருங்குறை. பாளத்தின் எடையை லண்டனில் மறுபடி போட்டுப் பார்க்கலாம், வெள்ளியை உரைத்துப் பார்க்கலாம். தாதுரேகை இன்னும் பத்து அடியில் தடிக்கும் என்று காரியஸ்தர் எழுதினால் அதை உரைக்க எந்தக் கல்லும் இல்லை. சுரங்கம் மூடினால் அவருக்கு வேலை போகும். நம்பிக்கையாக எழுதுவதில் அவருக்கு நலம் உண்டு. வேல்ஸில் எஸ்கைர் ஹிர் சுரங்கத்தின் கதை இதற்குச் சான்று. அதன் மேலாளர் வில்லியம் வாலர் 1698இல் சுரங்கத்தின் மதிப்பை வானளாவச் சொல்லி ஒரு நூலே அச்சிட்டார். சர் ஹம்ஃப்ரி மேக்வொர்த் அதே ஆண்டு குலுக்கல் திட்டம் போட்டு லண்டன் பணத்தைத் திரட்டினார். சொன்ன தாது வரவில்லை. கடைசியில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு அச்சில் மோதிக்கொண்டார்கள். 1710இல் நாடாளுமன்றத்தின் கீழவை மேக்வொர்த் மோசடிக் குற்றவாளி என்று தீர்மானித்தது. வாலர் முழுப் பொய்யர் என்று நான் கருதவில்லை. தாம் எழுதியதைத் தாமே நம்பியிருக்கக்கூடும். பார்க்காமல் நம்பிப் பணம் போடும் வாசகரும், கேட்கப் பிடிப்பதை எழுதும் கையும் சேர்ந்தால், பொய் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை.

மாற்று வழியும் அந்த நூற்றாண்டிலேயே இருந்தது. அரசருக்கு எதிரான 1715 கிளர்ச்சியில் சேர்ந்த டெர்வென்ட்வாட்டர் பிரபு 1716இல் தலை வெட்டப்பட்டார். பறிமுதலான அவரது சொத்து, ஆல்ஸ்டன் மூர் சுரங்க உரிமையோடு, 1735இல் கிரீனிச் கடற்படை மருத்துவமனைக்குப் போனது. லண்டனிலிருந்த அதன் ஆட்சிக் குழுவும் வடக்கே நியமித்த வசூல் அதிகாரிகளின் கடிதங்களையே நம்பியது. ஆனால் 1764இன் இறுதியில் அந்தப் பதவிக்கு ஜான் ஸ்மீட்டன் வந்தார், எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய அதே பொறியாளர். 1777 வரை இருந்தார். நீர் ஓட்டத்தையும் பாறையையும் கணக்கிடத் தெரிந்தவர் எழுதுவதற்கும், கேள்விப்பட்டதை எழுதுவதற்கும் வித்தியாசம் மிகப் பெரிது. 1776இல் நென்ட் பள்ளத்தாக்கில் வெட்டத் தொடங்கிய நீண்ட வடிகால் சுரங்கப் பாதை அவர் தந்த திட்டம். அது எதிர்பார்த்த அளவு தாதுவைத் தரவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அங்கே தவறியது ஒரு நிபுணரின் கணிப்பு. அதை அளந்து திருத்த வழியுண்டு. கடிதத்தைக் கடிதத்தால் மட்டுமே சோதித்த முதலாளிகளுக்கு அந்த வழி இல்லை.

இன்னொரு குறை என்னை அதிகம் உறுத்துகிறது. இத்தனை காகிதத்தில் சுரங்கத் தொழிலாளி எங்கே? நான்கைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, ஒரு பிங் தாதுவுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி வேலை எடுப்பார்கள். ஒரு பிங் என்பது 8 அந்தர். மாதந்தோறும் சாப்பாட்டுச் செலவுக்கு முன்பணம். முழுக்கணக்குத் தீர்வது நெடுநாள் கழித்து. உருக்காலைப் புகை படிந்த மேய்ச்சல் நிலத்தில் கால்நடைகள் நஞ்சேறிச் சாகும். கல்தூசியில் ஆண்கள் இளம் வயதிலேயே மூச்சு வாங்குவார்கள். வணிகக் கடிதத்தில் இந்த மனிதர்கள் தலைகாட்டுவது, தானிய விலை ஏறிக் கலகம் வருமோ என்ற அச்சத்தில், அல்லது பேரத்தொகை கூடிப்போனது என்ற புகாரில். கால்நடை இறப்பு எழுதப்படுவது நஷ்டஈடு கேட்கப்பட்டால். எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். தாளுக்கு விலை இருந்தது, பெறுபவர் கேட்டதற்குத்தான் இடம் இருந்தது, முதலாளி இதைக் கேட்கவில்லை. தெளிவும் சுருக்கமும் இந்த நடையின் பெருமை என்று மேலே சொன்னேன். அதே சுருக்கம்தான் இந்த மனிதர்களை வெளியே நிறுத்தியது.

1780இல் ஜேம்ஸ் வாட் நகலெடுக்கும் அழுத்துப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். மையீரத்தோடு மெல்லிய தாளில் கடிதம் அப்படியே பதியும். 1784இல் தபால் கோச்சு வண்டிகள் ஓடத் தொடங்கின. நகல் துல்லியமானது, விடை விரைவில் வந்தது. கேள்விகள் பழையவையே: விலை என்ன, ரேகை எப்படி, உண்டியல் எப்போது. இன்று வட பென்னைன் தொழிலாளர்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் கடிதக் கட்டுகளை விட்டுப் பேர ஏடுகளுக்குப் போகிறார்கள். அங்கே கூட்டின் பெயர்கள், வெட்ட வேண்டிய இடம், ஒரு பிங்குக்கான தொகை, கொடுத்த முன்பணம், கழித்த வெடிமருந்துச் செலவு எல்லாம் வரிசையாக இருக்கின்றன.