துன்பமும் சமுதாயச் சிக்கலும்: ‘தோட்டியின் மகன்’ நாவலை முன்வைத்து

ஒரு துன்பம் நெடுங்காலம் நிலவுவதாலோ, பலரைத் தாக்குவதாலோ மட்டும் சமுதாயச் சிக்கலாகிவிடுவதில்லை. அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஹெர்பர்ட் புளூமர் 1971-இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கருத்தை வலியுறுத்தினார். சமுதாயச் சிக்கல் என்பது புறத்தே முன்னரே கிடக்கும் ஒரு பொருளன்று. ஒரு சமுதாயம் கூடி வரையறுப்பதன் விளைவே அது என்பது அவர் கொள்கை. மால்கம் ஸ்பெக்டர், ஜான் கிட்சூஸ் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட நூல் இதனை மேலும் வளர்த்து, முறையிடுவோர் யார், எச்சொற்களால் முறையிடுகின்றனர் என்பதையே ஆய்வுப்பொருளாக்கியது.

தமிழாய்வில் ‘நாவல்களில் சமுதாயச் சிக்கல்கள்’ என்னும் தலைப்பு மிகப் பழகியது. வறுமை, சாதி, வரதட்சணை எனச் சிக்கல்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் ஒரு மேற்கோள் காட்டி நிறைவுறும் ஆய்வேடுகள் ஏராளம். சிக்கல் முன்பே இருந்தது, நாவல் அதனைக் காட்டியது என்பது அவற்றின் எடுகோள். ஒரு துன்பம் இன்னும் சிக்கலாக ஏற்கப்படாத நிலையை எழுதிய நாவல்களுக்கு இவ்வரிசையில் இடமில்லாமற் போகிறது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ அத்தகையது.

1947-இல் மலையாளத்தில் வெளிவந்த இந்நாவல் ஆலப்புழை நகரின் மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றியது. அவர்கள் தமிழர்கள். இசக்கிமுத்து, சுடலைமுத்து என்னும் பெயர்களே அவர்கள் வந்த நிலத்தைக் காட்டிவிடுகின்றன. நோயுற்ற தந்தை வாளியையும் மண்வெட்டியையும் மகனிடம் ஒப்படைக்கிறான். அம்மகன் தன் மகனிடம் அவற்றை ஒப்படைக்கக் கூடாது என்று உறுதிகொள்கிறான். மூன்று தலைமுறைக் கதையும் இவ்விரு ஒப்படைப்புகளுக்கு இடையில் நிகழ்கிறது.

சுடலைமுத்து இத்தொழிலை வெறுக்கிறான். ஆனால் அதனை ஒரு பொதுச் சிக்கலாகக் காணவில்லை. தன் மகன் இதில் விழாதிருக்க வேண்டும் என்பதே அவன் கவலை. அதற்காகக் காசு சேர்க்கிறான், சக தொழிலாளரிடமிருந்து விலகி வாழ்கிறான், மகனுக்கு மோகன் எனப் பெயரிடுகிறான். தோட்டியின் பிள்ளைக்கு அப்பெயரா என்று ஊர் நகைக்கிறது. தொழிலாளர் சங்கம் தோன்றும்போது மேலிடத்தின் கையாளாகி, அதற்கு முன்னின்ற பிச்சாண்டியை வீழ்த்தவும் துணைபோகிறான். சேமித்த பணத்தை நகராட்சித் தலைவரிடமே நம்பிக் கொடுத்து ஏமாறுகிறான். தனிமனித இன்னல், பொதுச் சிக்கல் என 1959-இல் ரைட் மில்ஸ் பிரித்துக் காட்டிய இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைச் சுடலைமுத்துவின் வாழ்வு அளந்து காட்டுகிறது எனலாம். பாதிக்கப்பட்டவனே முதலில் முறையிடுவான் என்னும் எளிய நம்பிக்கையைத் தகழி ஏற்கவில்லை. தப்பிச் செல்லும் வழி ஒன்று தனக்கு மட்டும் திறந்திருப்பதாக நம்புகிறவன், பிறர் சேர்ந்து எழுப்பும் குரலுக்கு இடையூறாகிறான். திறனாய்வாளர் பலர் சுடலைமுத்துவை இரக்கத்திற்குரிய தந்தையாகவே காண்கின்றனர். அவனது துரோகம் அந்தத் தந்தைமையிலிருந்தே பிறக்கிறது என்பது நாவலின் கடுமையான பகுதி. அதனை மென்மையாக்கிப் படிப்பதற்கு நாவலில் இடமில்லை.

நகரத்தின் பார்வையோ வேறு. நாள்தோறும் அள்ளப்படும் மலம் நகரத்தாரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அள்ளப்படாத மலமே தெரிகிறது. காலரா வந்து தொழிலாளர் மடியும்போதும், அவர்கள் வேலையை நிறுத்தும்போதும் நகரம் நாறுகிறது. அப்போது எழும் சிக்கலின் பெயர் சுகாதாரம், பாதிக்கப்பட்டோர் நகரவாசிகள். சுடலைமுத்து காலராவில் இறக்க, மோகன் தந்தையின் வாளியை ஏற்கிறான். ஆனால் தொழிலாளர் எழுச்சியில் தந்தை நின்ற பக்கத்தில் அவன் நிற்கவில்லை.

இவ்வெழுச்சிக்குத் தகழி தரும் மொழி தொழிற்சங்கத்தின் மொழி. அதற்குக் காரணமுண்டு. கயிற்றுத் தொழில் நிறைந்த ஆலப்புழையில் 1922-இலேயே திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம் தோன்றிவிட்டது; 1938-இல் பெரும் வேலைநிறுத்தமும், 1946-இல் புன்னப்புரை, வயலார் எழுச்சியும் நிகழ்ந்தன. ஒரு துன்பம் சிக்கலாக உருப்பெறுவதற்கு அவ்விடத்தில் முன்பே வழங்கும் சொற்கள் தேவைப்படுகின்றன. ஆலப்புழையில் கூலியும் சங்கமும் வேலைநிறுத்தமும் வழங்கின. ஆகவே, இத்தொழில் ஏன் சில சாதியாருக்கு மட்டுமே பிறப்புரிமைபோல் வந்து சேர்கிறது என்னும் வினா, கதையின் கட்டமைப்பு முழுவதிலும் இருந்தும், முழக்கமாக வெளிப்படவில்லை. 1935-இல் வெளிவந்த முல்க்ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவலான ‘தீண்டாதவன்’ இதனோடு ஒப்பிடத்தக்கது. அதன் இறுதியில் கிறித்தவப் பாதிரியாரும் காந்தியடிகளும் நீரூற்றிக் கழுவும் கழிப்பறையை எடுத்துரைக்கும் கவிஞரும் பக்காவின் முன் வருகின்றனர். ஒரே துன்பம் மதமாற்றம், மனமாற்றம், எந்திரம் என மூன்று சிக்கல்களாக அங்கே பெயர் பெறுகிறது. பக்காவை எந்திரமே மிகுதியாகக் கவர்கிறது.

தமிழில் இந்நாவலின் வரலாறும் நோக்கத்தக்கது. சுந்தர ராமசாமி இளவயதிலேயே இதனை மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு ‘சரஸ்வதி’ இதழில் 1950-களில் தொடராக வந்தது. நூலாக 2000-இல் வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் ‘பழையன கழிதலும்’ (1989), ‘கருக்கு’ (1992) போன்ற படைப்புகளும், 1991-ஆம் ஆண்டு அம்பேத்கர் நூற்றாண்டும் தமிழ் வாசகரின் சொற்களை மாற்றியிருந்தன. முற்போக்கு இதழொன்றில் உழைப்பாளர் கதையாக முன்வந்த பனுவல், நூலானபோது தலித் இலக்கியத்தின் அருகே வைத்து வாசிக்கப்படுகிறது. பனுவல் மாறவில்லை, அது எதைப் பற்றியது என்னும் முடிவு மாறியது.

அரசு ஆவணங்களும் இவ்வாறே பெயர் மாற்றி வந்தன. 1957-இல் அமைக்கப்பட்ட மல்கானி குழு, மலத்தைத் தலைச்சுமையாகத் தூக்குவதை ஒழித்துத் தள்ளுவண்டியைக் கொண்டுவருவதில் பெருங்கவனம் செலுத்தியது. தொழிலைச் செய்யும் முறை அப்போது சிக்கலாயிற்று. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கழிப்பிடங்களைத் தடைசெய்தது. மனித மாண்பு அதன் முகப்புரையில் இடம்பெற்றதாயினும், அச்சட்டம் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. சிக்கல் கழிப்பிடத்தினுடையதாகவே கருதப்பட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வரலாற்று அநீதி என்னும் சொல்லை முன்வைத்தது. அதன் பொறுப்பு சமூகநீதி அமைச்சகத்திடம் சென்றது.

எனினும் அச்சட்டத்தின் வரையறைப் பகுதி கூர்ந்து படிக்கத்தக்கது. அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உறைகளோடும் மலக்கழிவை அகற்றுவோர், கையால் மலம் அள்ளுவோராகக் கருதப்படமாட்டார். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி இறங்குவது ‘இடர்மிகு தூய்மைப்பணி’ எனத் தனியே வரையறுக்கப்படுகிறது. இப்பிரிப்பின் விளைவு 2021 சூலையில் மாநிலங்களவையில் வெளிப்பட்டது. கையால் மலம் அள்ளியதால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு விடையளித்தது. சாக்கடைகளில் இறந்தோர் வேறொரு தலைப்பின்கீழ் எண்ணப்பட்டிருந்தனர். உச்ச நீதிமன்றம் 2014-இல் இத்தகைய இறப்புகளுக்கு 10 இலட்சம் ரூபாயும், 2023-இல் 30 இலட்சம் ரூபாயும் இழப்பீடாக வழங்கப் பணித்தது.

நாளிதழ்த் தமிழும் இதில் தன் பங்கை ஆற்றுகிறது. ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்பது நெடுங்காலமாக வழங்கும் தலைப்பு. இத்தொடரில் வாயு எழுவாயின் இடத்தில் நிற்கிறது. உள்ளே இறக்கியவருக்கு இலக்கணத்தில் இடமே இல்லை. நிகழ்ச்சி விபத்தாகிறது, விபத்துக்கு நட்டஈடு உண்டு, குற்றவாளி இல்லை. 2017-இல் வெளிவந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் இத்தொடரை மறுத்து, இறந்தோரின் சாதியை நேரடியாக முன்வைத்தது. படத்தைத் திரையிடுவதற்குத் தடைகள் எழுந்தன, இயக்குநர்மீது வழக்கும் தொடுக்கப்பட்டது. துன்பத்தைக் காட்டும் படங்களுக்கு இத்தகைய எதிர்ப்பு எழுவது அரிது. பொறுப்பாளியைச் சுட்டும்போதே எழுகிறது.

இப்பின்னணியில் தகழியின் நாவலை மீண்டும் நோக்கினால் நகராட்சித் தலைவர் என்னும் பாத்திரம் முதன்மை பெறுகிறார். சுடலைமுத்துவின் காசைக் கையில் வைத்திருப்பவரும், சங்கத்தைக் குலைப்பவரும், நகரத்தின் சுகாதாரத்திற்குப் பொறுப்பேற்றவரும் அவரே. அவரிடம் பணம் கேட்டு நிற்கும் சுடலைமுத்துவுக்கு, தான் எவரிடம் முறையிடுகிறான் என்பது கடைசிவரை புலப்படுவதில்லை.