தன் பேயைத் தானே நம்பும் படம்

சாமல்பட்டிக்குப் பேய்ப்படங்கள் மூன்று மொழிகளில் வந்திருக்கின்றன. ஓசூரைத் தாண்டினால் கன்னடம், குப்பம் பக்கம் போனால் தெலுங்கு. வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இரண்டு மொழி பேசும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். அதனால் தமிழ்த் திகில்பட மரபை அக்கம்பக்கத்தோடு சேர்த்து எடைபோட நமக்கு ஒரு வசதி உண்டு.

அதற்கான அளவுகோலை மட்டும் வெளியிலிருந்து எடுக்கிறேன். இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோவின் படங்களில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ‘சஸ்பீரியா’வைப் (1977) பாருங்கள், முப்பரிமாணத்தில் எடுத்த ‘டிராகுலா’வை (2012) விடுங்கள் என்பேன். இரண்டையும் எடுத்தவர் ஒருவரே. முன்னதில் கதை மெலிவுதான். ஆனாலும் சிவப்பும் நீலமுமாகக் கொட்டும் ஒளியும், கோப்ளின் குழுவின் இசையும், அந்த நடனப் பள்ளியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்மை நம்ப வைத்துவிடும். பின்னதில் கணினியில் வரைந்த ராட்சதப் பூச்சி வருகிறது. அதை எடுத்தவரே நம்பியதாகத் தெரியவில்லை. இயக்குநர் தன் பேயை நம்புகிறாரா? இந்த ஒரு கேள்வியை வைத்தே நம் படங்களையும் அளக்கலாம்.

நம் மரபில் முதலிடம் வீணை எஸ். பாலசந்தருக்கு. அவர் படங்களில் பேயே கிடையாது என்பது உண்மை. ஆனால் இருட்டை எங்கே வைக்க வேண்டும், ஓசையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரளவு அறிந்தவர் அந்தக் காலத்தில் இல்லை. ‘அந்த நாள்’ (1954) பாட்டில்லாமல் வந்த முதல் தமிழ்ப்படம். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943ஐப் பின்னணியாக வைத்து, சுடப்பட்டுக் கிடக்கும் ஒருவனின் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வைக்கிறார். குரோசவாவின் ‘ரஷோமான்’ காட்டிய வழிதான். ஆனால் சந்தேகப்படும் மனைவி, சொத்தில் பங்கு கேட்கும் தம்பி, எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டார் எல்லாம் நம் தெரு மனிதர்கள். ‘பொம்மை’யில் (1964) வெடிகுண்டை வயிற்றில் சுமந்த பொம்மை கைமாறிக் கைமாறிப் போகிறது. பாட்டுகள் இனிமையானவை, ஆனால் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகின்றன. அவர் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘நடு இரவில்’ (1970). தனித்தீவில் ஒரு பெரிய வீடு, சாவை எதிர்நோக்கும் பணக்காரர், கூடிய உறவினர், ஒவ்வொன்றாக விழும் பிணம். அகதா கிறிஸ்டியின் சாயல் தெரிகிறது. என்றாலும் அந்த வீட்டை ஆட்டிப்படைப்பது சொத்தாசை. கூட்டுக் குடும்பத்துப் பங்காளிச் சண்டையைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அதன்பின் அவர் படம் இயக்கவில்லை. தமிழ் சினிமாவுக்கு அது பெரும் இழப்பு.

இரண்டாவது பள்ளி விட்டலாச்சார்யாவுடையது. உடுப்பிப் பக்கத்து உத்யாவரத்தில் பிறந்து, கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் புகழ்பெற்று, டப்பிங்கில் தமிழ்நாட்டின் டூரிங் டாக்கீஸ்களை எல்லாம் நிறைத்தவர். மூன்று மொழி எல்லையில் இருக்கும் நமக்கு அவரைவிடப் பொருத்தமான இயக்குநர் கிடையாது. ‘ஜகன்மோகினி’யில் (1978) மோகினி விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தந்திரக் காட்சிகள் எளியவை. எலும்புக்கூடு ஆடுவது பொம்மையாட்டம் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒரு காட்சியில்கூட அவர் தன் மோகினியைக் கேலி செய்யவில்லை. பாலசந்தரின் அளவுகோலால் இவரை அளப்பது அநியாயம். பணமும் கணினியும் வந்த காலத்தில் அதே பெயரில் நமீதா நடித்து வந்த 2009ஆம் ஆண்டுப் படம் அந்த நம்பிக்கையை இழந்துவிட்டது. தவிர்க்க வேண்டியவற்றில் அதைச் சேர்க்கிறேன்.

மூன்றாவது, உடம்பில் புகுந்து நியாயம் கேட்கும் ஆவி. மலையாள ‘யக்ஷகான’த்தைத் தழுவித் துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) இந்த வழியின் முக்கியமான படம். அதே வகை ஆவி ‘காஞ்சனா’வில் (2011) நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட திருநங்கையாக வந்தது; சரத்குமார் வரும் பகுதிக்காக அந்தப் படத்தின் மற்றக் கூத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த பாகங்களுக்கு அந்தச் சலுகை தரமுடியாது. ‘அரண்மனை’ வரிசையும் அப்படியே: சிரிக்க வைக்க ஒரு கூட்டம், அலற வைக்க ஓர் ஒப்பனை, நடுவே ஒரு குத்துப்பாட்டு. செத்தவளின் துயரத்துக்கு அங்கே இடம் இல்லை. ‘சந்திரமுகி’ (2005) இதற்கு முற்றிலும் வேறு வகை. மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ (1993), கன்னட ‘ஆப்தமித்ரா’ (2004) வழியாக வந்த கதை. கன்னடப் படத்தை இயக்கிய பி. வாசுவே தமிழையும் எடுத்தார். ஃபாசிலின் மூலப்படத்தில் இருந்த அமைதி நம்முடையதில் இல்லை. மூன்றையும் பார்க்க முடிந்தவர்கள் மலையாளத்திலிருந்து தொடங்குங்கள்.

2009 முதல் வந்த படங்களில் அறிவழகனின் ‘ஈரம்’ (2009) தண்ணீரையே ஆவியாக்கியது. மழை, குழாய், கண்ணாடியில் படியும் ஈரம் என்று அன்றாடப் பொருள்களே மனைவியைச் சந்தேகித்த ஆணின் குற்றத்தைச் சொல்கின்றன. அதே ஆண்டில் வந்த ‘யாவரும் நலம்’ தொலைக்காட்சித் தொடருக்குள் பயத்தை வைத்தது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் மேலே போகிறது: பழிவாங்காத பேய், மன்னிக்கும் பேய். பழிவாங்கலிலேயே பழகிப்போன நம் மரபில் அது பெரிய துணிச்சல். கடைசி அரைமணி நேரம் நான் கலங்காமல் பார்த்ததில்லை. ‘மாயா’, ‘டிமான்ட்டி காலனி’ (இரண்டும் 2015) நல்ல கைவேலைகள். அந்த ஆழம் அவற்றில் இல்லை.

கிரானைட் பட்டறையிலும் சிப்காட்டிலும் இரவு ஷிப்ட் முடித்து வந்து கைபேசியில் துண்டு துண்டாகப் படம் பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். திகில் படத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். வார விடுமுறை இரவில் விளக்கை அணைத்து, ‘நடு இரவில்’ படத்தையும் அடுத்த வாரம் ‘பிசாசு’வையும் முழுதாகப் பாருங்கள். அப்புறம் ‘அரண்மனை’யைப் போட உங்களுக்கே மனம் வராது.