வாத்தியக்காரரின் கிளெஃப்

எல்லா வாத்தியங்களையும் ஒன்றாகக் காட்டும் முழு ஸ்கோரில் எது எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அது அப்படியே வாத்தியக்காரரின் தனித் தாளான பார்ட்டிலும் இருக்க வேண்டும் என்றும், இரண்டுக்கும் வேற்றுமை காண்பது கையால் பிரதி எடுத்த காலத்துக் குறை என்றும், இசை எழுதும் மென்பொருளில் பழகிய பலர் இன்று ஒரு சித்தாந்தமாகவே பேசிவருகிறார்கள். 2005இல் வெளிவந்த சிபேலியஸ் என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பு ஸ்கோரையும் பார்ட்டுகளையும் ஒரே கோப்பில் பிணைத்துவைத்தது. அந்தப் பிணைப்பால் விளைந்த அனுகூலங்கள் மெய்யானவை. ஸ்கோரில் திருத்திய ஸ்வரம் பார்ட்டில் தானே திருந்துகிறது. ஹார்னுக்கும் கிளாரினெட்டுக்கும் சுருதி மாற்றி எழுதும் தொல்லையை மென்பொருள் அதற்கு முன்பே தீர்த்திருந்தது. ஆயினும் எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று காட்டும் குறியான கிளெஃப் விஷயத்தில் இந்தச் சித்தாந்தம் பிழையானது என்பதே என் நெடுநாளைய அபிப்பிராயம்.

செல்லோவை எடுத்துக்கொள்வோம். நடு ‘ஸி’க்கு மேலுள்ள ‘ஏ’ ஸ்வரத்தைப் பாஸ் கிளெஃபில் எழுத மூன்று துணைக்கோடுகள் வேண்டும். டெனர் கிளெஃபில் ஒன்று போதும். அந்தச் சிக்கனத்தைவிடப் பெரிய நயம் ஒன்றும் இதில் உண்டு. செல்லோவின் தந்திகள் ஒன்றுக்கொன்று பஞ்சம தூரத்தில் சுருதி கூட்டப்பட்டவை. டெனர் கிளெஃபும் பாஸ் கிளெஃபுக்கு அதே பஞ்சம தூரத்தில் மேலே நிற்பது. ஆகவே தாளில் அதே இடத்தில் நிற்கும் ஸ்வரத்துக்கு அதே விரல், அடுத்த தந்தியில், தானே போய் அமர்கிறது. பீத்தோவனும் துவோர்ஷாக்கும் பாஸ் கிளெஃபை அடுத்து நேராக டிரெபிள் கிளெஃபை எழுதிய இடங்களில், ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டும் என்ற சம்பிரதாயத்தைச் செல்லோக்காரர்கள் அறிந்தே வாசித்தார்கள். வாசிப்பவரின் கையையும் பழக்கத்தையும் நம்பி எழுதப்பட்ட குறி அது.

ஸ்கோரிலோ கிளெஃப் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. இருபது வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும் பக்கத்தில், செல்லோவின் துணைக்கோடுகள் மேலே உள்ள வியோலாவின் வரிசையில் இடிக்கின்றன என்பதற்காக, ஆசிரியர் இரண்டு ஸ்வரங்களுக்கு மட்டும் டெனர் கிளெஃபை வைத்துவிட்டு உடனே பாஸுக்குத் திரும்புகிறார். கண்டக்டரின் கண்ணுக்கு அது உபகாரமே. ஆனால் பார்ட்டில் மேலே வியோலா இல்லை, வேண்டிய அளவு வெள்ளை இடம் இருக்கிறது. மூன்று துணைக்கோடுகளைச் சிரமமின்றி வாசிக்கும் தேர்ந்த கலைஞர், ஒரு பிடியில் முடிந்துபோகும் சங்கதிக்கு நடுவே இரண்டு முறை தம் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பஸூன் பார்ட்டில் நேர்வது இன்னும் வருந்தத்தக்கது. இருபது பார் மௌனத்துக்குப் பிறகு டெனர் கிளெஃபில் ஒரு பிரவேசம். அந்தக் கிளெஃப் பிரவேசத்துக்குச் சற்று முன்னே நிற்பதுதான் முறை. ஆசிரியர் ஸ்கோரில் அதைப் பதின்மூன்றாம் பாரின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால், ஸ்கோரில் அது யார் கண்ணையும் உறுத்தாது. பார்ட்டிலோ ஒரே எண்ணாக நிற்க வேண்டிய மௌனம் பன்னிரண்டாகவும் எட்டாகவும் உடைந்து, மனத்தில் எண்ணிக்கொண்டிருப்பவர் அங்கே ஏதோ நிகழப்போகிறது என்று திடுக்கிட்டுத் தயாராகிறார். நிகழ்வது ஒன்றுமில்லை.

ஸ்கோரும் பார்ட்டும் வேறுபட்டால் ஒத்திகை குழம்பும் என்று வாதிப்பவர்களை நான் கேட்க விரும்புவது இது: எந்தக் கண்டக்டராவது கிளெஃப் மாறும் இடத்தைச் சொல்லி வாசிப்பைத் தொடங்கச் சொன்னதுண்டா? பார் எண்ணையும் ஒத்திகை எழுத்தையும்தானே அவர் சொல்கிறார்? ஒலிக்கும் ஸ்வரம் இரண்டு தாளிலும் ஒன்றே என்னும்போது குழப்பம் எங்கிருந்து வரும்? பார்ட்டுக்கென்று தனிக் கிளெஃப் வைக்கும் வசதி சில மென்பொருள்களில் இருக்கவே இருக்கிறது. அதைத் தொடாமல் விடுவதற்கு ஒற்றுமை என்ற கொள்கையைக் காட்டுவது, ஒவ்வொரு பார்ட்டாகத் திறந்து பார்க்கும் உழைப்புக்கு அஞ்சுவதைத் தவிர வேறில்லை. பழைய பிரதிக்காரர் பக்கம் திருப்பும் இடத்தைக்கூட வாசிப்பவரின் கை ஓய்ந்திருக்கும் மௌனத்தில் அமைத்துக் கொடுத்தார். அவர் செய்த யோசனையை இயந்திரம் செய்யவில்லை, அதைச் செய்யவேண்டியவர்களும் செய்ய மறுக்கிறார்கள்.

ஸ்கோர் முடிந்தபின் ஒவ்வொரு பார்ட்டையும் ஸ்கோரை மறந்து தனியே வாசித்து, கண்டக்டருக்காக வைத்த கிளெஃபுகளை நீக்கி, அந்த வாத்தியம் வாசிப்பவர் ஒருவரிடம் காட்டி, அவர் கேட்கும் இடத்தில் புதிதாக வைக்க வேண்டும். அச்சுக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான்.