வைக்கோலும் வர்த்தமானியும்

மசானபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ யப்பானிய மொழியில் 1975ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழிலும் வாசிக்கப்பட்டுவரும் இந்நூலைப் போற்றுவோர் நம்மிடையே பலர், ஆராய்ந்தோர் சிலரே. இரசாயனப் பசளையைக் கைவிட்டு மண்ணை மீட்கும் வேளாண்மைக்குக் கமக்காரரைப் பயிற்ற விரும்புவோர் இதனையே வழிகாட்டியாகக் கொள்கின்றனர். ஆகவே, இது எதனைக் கற்பிக்கிறது, எதனைக் கற்பிக்காது விடுகிறது என்று நாம் கேட்டேயாக வேண்டும்.

நூலின் வலிமை அதன் வயலில் இருக்கிறது. நிற்கும் நெற்பயிரிடையே குளோவரையும் பார்லியையும் தூவி, அறுவடையானபின் வைக்கோலை அவ்வயலிலேயே பரப்பி, களிமண் உருண்டைகளுள் நெல்விதையை இட்டு, உழாமலும் பசளை வாங்காமலும் அயலாருக்கு ஈடான விளைச்சலை அவர் பெற்றார். மனித அறிவு வீண் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்பவர், தம் வயலிலோ பல தசாப்தங்கள் விடாது சோதனை செய்திருக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. அவருடைய தத்துவத்தைவிட அவருடைய வயல் நேர்மையானது.

எனினும் நூலின் மிகப் பெறுமதியான பகுதி ஒரு தோல்வியைப் பற்றியது. தந்தையின் தோடைத் தோட்டத்தைக் கத்தரிக்காமல் இயற்கையிடமே விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி பிடித்தது, மரங்கள் பட்டன. கைவிடுதல் வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்பதை அவர் கற்றது அங்கேதான். ஆயின் அப்பாடத்துக்கான செலவை ஏற்றது எது? தந்தையின் சொத்து. பின்னர் அவருக்கு ஆராய்ச்சி நிலையமொன்றில் வேலையும் கிடைத்தது. குத்தகை நிலத்தில் கடன்பட்டு விதைப்பவனுக்கு இவ்விரண்டுமில்லை. அவனைப் பற்றி நூல் மௌனம் சாதிக்கிறது.

அம்மௌனத்தின் விலையை நம் நாடு 2021இற் கண்டது. பத்தாண்டுகளிற் செய்வதாக 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் வாக்களிக்கப்பட்ட மாற்றம், 2021 மே மாத வர்த்தமானி ஒன்றினால் ஒரே நாளிற் கட்டளையாயிற்று. நவம்பரில் அது கைவிடப்பட்டது. இடையிலே பெரும்போகம் தொடங்கிவிட்டது. 50 கிலோ யூரியா மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு இரண்டு பங்கு நைதரசன் கொண்ட நல்ல கூட்டெருவாயினும், அதே அளவைப் பெற ஒரு தொன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் மெல்லவே பயிருக்குச் சேரும். இந்த எளிய கணக்கை வயலிற் கமக்காரரோடு அமர்ந்து போட்டுப் பார்க்க எவருக்கும் அவகாசம் அளிக்கப்படவில்லை. (சேதனப் பசளையையே கப்பலில் தருவிக்க முயன்ற வேடிக்கையைத் தனியே எழுதலாம்.)

இதற்கு எதிரிடையாக இந்தோனேசிய அனுபவத்தை நோக்கலாம். 1986இல் அங்கு நெல்லுக்கான 57 பீடைநாசினிகள் தடை செய்யப்பட்டன. அதுவும் கட்டளைதான், ஆயினும் 1989 முதல் அதனைத் தொடர்ந்து வயற்பள்ளிகள் வந்தன. ஏறத்தாழ இருபத்தைந்து கமக்காரர் ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் வயலிற் கூடினர். வலைக்கூட்டினுள் தத்தியையும் சிலந்தியையும் அடைத்து, எது எதனைத் தின்கிறது என்று தம் கண்ணாற் கண்டனர். மருந்து சிலந்தியைக் கொல்வதனாலேயே தத்தி பெருகுகிறது என்பதைப் போதனாசிரியர் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. பூச்சி ஒரு வாரத்திற் சாட்சி சொல்லும். மண்ணோ பல போகங்கள் கழித்தே சொல்லும். ஆதலால் பசளை விடயத்தில் இப்பயிற்சி இன்னும் நீளவேண்டும். கால் ஏக்கரில் தொடங்கவேண்டும். அந்தக் கால் ஏக்கரின் நட்டத்தைப் பொதுநிதி ஏற்கவேண்டும்.

அப்படி ஏற்றாலும் ஒரு கேள்வி எஞ்சும். அடுத்த போகத்தில் நிலம் தன் கையில் இருக்குமோ என்றறியாத குத்தகைக்காரன், எவருக்காக அம்மண்ணை வளப்படுத்துவான்? ஃபுகோகாவை மேடையேற்றும் நண்பர்கள் இதற்கு விடை தேடியபின் அவனிடம் செல்வார்களாக.