பாண்டாக் விழுங்கும் இணைப்புகள்

பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக்கை ஆவணம் எழுதுவோருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாக்புக், லேடெக், வேர்டு, மார்க்டவுன் என எதைக் கொடுத்தாலும் இன்னொன்றாக்கித் தரும் இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு, அந்த அகலத்தில் இன்றுவரை இணை இல்லை. தலைப்பு, பட்டியல், அடிக்குறிப்பு, நிரல் துண்டு எல்லாம் பத்திரமாக வந்து சேரும்.

ஸ்ஃபிங்க்ஸ் ஆவணங்களைத் தொடும்வரைதான் இந்த நிம்மதி.

பைத்தான் உலகில் பல கையேடுகள் ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவிக்காக, ஆர்எஸ்டி (reStructuredText) என்ற குறிமொழியில் எழுதப்படுபவை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்தின் பகுதிக்குத் தாவ, அதில் ‘ரெஃப்’ என்றொரு குறி உண்டு. அது ஸ்ஃபிங்க்ஸ் சேர்த்தது. ஆர்எஸ்டியின் அடிப்படை இலக்கணத்தில் இல்லை. அப்படிப்பட்ட தொகுப்பு ஒன்றை கிட்ஹப் மார்க்டவுனுக்கு மாற்ற வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களின் எரிச்சல் இந்த ஒரு குறியில்தான் வந்து நிற்கும்.

பாண்டாக் எந்தக் கோப்பையும் முதலில் தனக்குள் ஒரு மர அமைப்பாக்கிக்கொண்டு, அதிலிருந்தே வெளியீட்டை எழுதுகிறது. ரெஃப் என்ன என்று அதற்குத் தெரியாது. ஆகவே வரிக்குள் வரும் நிரல் துண்டாக அதைப் பதிந்து, ‘இதன் பங்கு ரெஃப்’ என்று ஒரு பண்பை ஒட்டிவைக்கிறது. பாண்டாக்கின் சொந்த மார்க்டவுனில் அந்தப் பண்பு சுருள் அடைப்புக்குள் தப்பிப் பிழைக்கும். கிட்ஹப் வகையில் அதுவும் உதிர்ந்து, இரண்டு பேக்டிக்குகளுக்கு நடுவே வெறும் பெயர் மட்டும் மிஞ்சும். இணைப்பு உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சோதனைக் கருவிகள் பிடித்துவிடும். இங்கே இணைப்பே இல்லை, எதைச் சோதிப்பது? எச்சரிக்கை வந்தாலே மாற்றத்தைத் தோல்வியாகக் கொள்ளும் தெரிவு பாண்டாக்கில் இருக்கிறது. எச்சரிக்கையே எழாதபோது அது யாருக்கு உதவும்?

2016இல் லினக்ஸ் கெர்னல் தன் கையேடுகளை டாக்புக்கிலிருந்து ஸ்ஃபிங்க்ஸுக்கு நகர்த்தத் தொடங்கியபோதும் நடுவில் நின்றது பாண்டாக்தான். ஆனால் அதற்கென எழுதிய ஸ்கிரிப்ட், பாண்டாக்குக்குக் கொடுப்பதற்கு முன்னும் வாங்கிய பின்னும் கோப்பைத் தனியே செப்பனிட்டது. அனுபவசாலிகள் ஒற்றைக் கட்டளையை நம்பவில்லை.

இத்தனைக்குப் பிறகும் பாண்டாக்கை விட மனம் வராததற்குக் காரணம் லுவா ஃபில்டர், அதாவது வெளியீட்டுக்கு முன் அந்த மரத்தைத் திருத்த நாம் எழுதும் சிறு நிரல். 2017இல் 2.0 பதிப்போடு வந்த வசதி இது. மரத்தில் ரெஃப் பண்பு ஒட்டிய நிரல் துண்டுகளைத் தேடி, மிஸ்ட் என்ற மார்க்டவுன் வகையின் இணைப்புக் குறியாக மாற்ற ஏழெட்டு வரி போதும். ஒரு நீட்சியின் உதவியோடு மிஸ்ட்டை ஸ்ஃபிங்க்ஸ் புரிந்துகொள்ளும் என்பதால் இணைப்புகள் உயிர்பெற வழி பிறக்கும். கிட்ஹப் பக்கமாகவேதான் வேண்டும் என்பவர்கள், எந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற அட்டவணையையும் தயாரித்து ஃபில்டருக்குக் கொடுக்க வேண்டும். மாற்றத்துக்கு முன் மூலத்தில் எத்தனை ரெஃப் இருந்தன என்று கிரெப் என்ற தேடல் கட்டளையால் எண்ணி வைத்துக்கொள்வது கட்டாயம். அந்த எண்ணிக்கையை பாண்டாக் ஒருபோதும் சொல்லாது.