தோட்டத் தொழிலாளர் தந்த வெள்ளியும் பல்கலைக்கழகக் கல்வியும்

பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வதன் பயன் யாது என்னும் வினாவிற்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. ஆசிரியப் பணி கிட்டும் என்பது ஒன்று. இன அடையாளம் காக்கப்படும் என்பது மற்றொன்று. இவை பொய்யல்ல. ஆயினும், ஒரு பல்கலைக்கழகத் துறை நிலைபெறுவதற்கு இவை போதிய காரணங்களாகா. ஆசிரியரை உருவாக்கப் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. அடையாளத்தைக் காக்கக் கோயில்களும் சங்கங்களும் நாளேடுகளும் உள்ளன. பல்கலைக்கழகம் மட்டுமே செய்யக்கூடியது யாது என்பதை நாம் சொல்லியாக வேண்டும்.

இவ்வினாவைத் துறையின் பிறப்போடு சேர்த்து நோக்குதல் தகும். 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைவதற்கு முன்பு, அதில் எம்மொழி முதன்மை பெறுவது என்னும் விவாதம் எழுந்தது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் பரிந்துரை வடமொழிக்கு முதன்மை தந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதனை எதிர்த்துக் குரலெழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதியும் திரட்டினார். சிறு சிறு தொகைகளாக வந்த அந்நிதியில் தோட்டத் தொழிலாளரின் வெள்ளியும் அடங்கும். 1956இல் துறை தொடங்கிற்று. பின்னர் 1959இல் கோலாலம்பூருக்கு, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளுக்கு அண்மையிலிருந்த பந்தாய்ப் பள்ளத்தாக்கிற்கு இடம்பெயர்ந்தது.

இந்நிகழ்ச்சியை மொழிப்பற்றின் வெற்றியாக மட்டுமே நாம் எழுதி வந்துள்ளோம். அதனினும் வியப்பான செய்தி ஒன்று அதனுள் இருக்கிறது. மேலைநாட்டார் 'லிபரல்' எனக் குறிக்கும் கல்வி, இலத்தீன் வேரின்படி, அடிமையல்லாதவனுக்கு உரிய கல்வியாகும். (அதனைத் தாராளக் கல்வி என மொழிபெயர்ப்பதில் இவ்வரலாறு மறைந்துவிடுகிறது.) பிறர் உழைப்பால் ஓய்வு பெற்றவனே அதனைப் பயின்றான். 1852இல் டப்ளினில் உரையாற்றிய ஜான் ஹென்றி நியூமன், அறிவு தனக்குத்தானே பயன் என வாதிட்டபோதும், அவர் மனக்கண்முன் நின்ற மாணவன் பண்பட்ட மேல்தட்டு இளைஞனே. மலாயாவிலோ ஓய்வே அறியாதவர்கள், தாம் நுழைந்திராத ஒரு கூடத்திற்காகப் பொருள் தந்தார்கள். வேலைக்கு அனுப்பும் பயிற்சி மட்டுமே அவர்கள் நோக்கமாயிருந்திருப்பின் பல்கலைக்கழகத்தில் எம்மொழி முதன்மை பெறுகிறது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகியிராது.

ஆகவே நியூமனை அப்படியே இங்குக் கொணர்தல் பொருந்தாது. இன்று கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து எல்ஆர்டியில் வளாகம் சேரும் மாணவி, பட்டத்தோடு பிடிபிடிபிஎன் கடனையும் சுமந்து வெளியேறுகிறாள். அவளிடம் 'வேலையைக் கருதாதே' என்பது வயிறு நிறைந்தவர் கூற்று. நம் மரபும் அவ்வாறு கூறவில்லை. புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியால் வரும் உலகியற் சிறப்பைத் தயக்கமின்றிப் பேசுகிறான்: கற்ற மகனிடம் தாயின் மனமும் சாயும், அறிவுடையோன் வழியில் அரசும் செல்லும்.

வேலைவாய்ப்பையன்று, வேலைவாய்ப்பு ஒன்றே அளவுகோலாவதையே நான் மறுக்கிறேன். ஒவ்வொரு பாடத்திற்கும் 'கற்றல் பேறு' எழுதி, அவற்றைக் கட்டங்களில் நிரப்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது அதற்கு எக்கட்டம் பொருந்தியிருக்கும்? சைவச் சூழலில் பயின்ற அவர், நூல் விளங்காமற்போகவே கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று, பிற சமயக் கோட்பாட்டை மாணவராக அமர்ந்து கேட்டார். 1887இல் நூல் வெளிவந்தது. தன் நம்பிக்கைக்கு வெளியே உள்ள ஒன்றை அதன் சொற்களிலேயே விளங்கிக்கொள்ளும் அப்பயிற்சியே நான் கருதும் கல்வி. அடையாளம் காத்தல் என்னும் விடை குறைபடுவதும் இங்குத்தான். அது நம்மை நம்மிடமே திருப்பி அனுப்புகிறது.

1961 முதல் 1969 வரை துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள் இதனை நன்குணர்ந்திருந்தார். இலண்டனில் பண்டைத் தமிழ்க் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைத் தமிழரின் திருவிழாவாக மட்டும் அவர் அமைக்கவில்லை. தமிழர் அல்லாத அறிஞர்களும் தமிழை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு வாதிடும் அரங்காகவும் அமைத்தார். அம்மாநாட்டின் பெருமையை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதன் வாதிடும் முறையை வகுப்பறைக்குள் கொணர்ந்தோமா என்பது ஐயமே. எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்திற்குக் குறிப்பேட்டை மனனம் செய்த மாணவர், இங்கும் குறிப்பேட்டையே எதிர்பார்க்கின்றனர். அதனையே நாம் வழங்கினால், அவர்கள் ஆசிரியராகித் தம் மாணவர்க்கும் அதனையே வழங்குவர்.

முதலாமாண்டிலேயே இரண்டு பனுவல்களை அருகருகே வைத்துப் படிக்கலாம். கடல்கடந்து கப்பல்கள் செலுத்திக் கடாரம் கொண்டதைக் கூறும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஒன்று. சோழனை நினைவூட்டும் பெயருடைய மன்னன் கண்ணாடிப் பெட்டியுள் அமர்ந்து கடலடிக்குச் செல்வதாகக் கூறும் செஜாரா மெலாயு மற்றொன்று. ஒன்று வென்றவன் கல்லில் வெட்டியது. மற்றொன்று மலாய் அரசமரபு தன் தோற்றத்தை விளக்கப் புனைந்தது. எதனை எந்த அளவிற்கு நம்புவது என்று தமிழ் மாணவியும் மலாய் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து வாதிடட்டும். அப்பாடத்திற்குரிய கற்றல் பேற்றைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.