உரித்த முகமூடி, உரித்த தெய்வம்

பங்குனி அறுபத்துமூவர் உற்சவத்தின்போது மயிலாப்பூர் மாட வீதியில் நிற்கிறவர்களிடம் 'வெண்கலச் சிற்பத்தைப் பார்த்தீர்களா?' என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் பார்த்தது சுவாமியை. பட்டு, மாலை, நகை, நாதஸ்வரம், தூக்குகிறவர்களின் தோளசைவு எல்லாம் கூடித்தான் அந்த உரு நிகழ்கிறது. உலோகம் அதற்குள் மறைந்திருக்கும் ஒரு பகுதி மட்டுமே. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் வியந்து நிற்கிற சோழர் படிமம் இந்தச் சேர்க்கையிலிருந்து உரித்தெடுக்கப்பட்டது. அதன் இடையின் வளைவு நவீன ரசனைக்குத்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஆப்பிரிக்க முகமூடிக்கு நேர்ந்ததும் இந்த உரித்தல்தான். யொரூபா மக்களின் கெலெடே சடங்கில் மர முகமூடி தனித்து இல்லை. அடுக்கடுக்கான துணிக்குள் ஆடும் ஆண், முரசு, பாட்டு, சுற்றி நிற்கும் ஊர் ஆகியவற்றோடுதான் அது முகம். ஐரோப்பா மரத்தை மட்டும் கொண்டுபோனது. 1907இல் பாரிசின் ட்ரொக்காதெரோ அருங்காட்சியகத்தில் பிக்காசோ கண்டவை ஆட்டம் நின்றுபோன முகங்கள். நவீனத்துவம் 'வடிவம்' என்று கொண்டாடியதில் இந்தக் கொள்ளைக்கும் பங்குண்டு.

பெனின் நாட்டுக் கலைஞர் ரொமுவால் ஹஸுமே இதற்கு எதிர்வினையாக இயங்குபவர். நைஜீரியாவிலிருந்து கள்ளப் பெட்ரோல் கடத்தித் தேய்ந்த பிளாஸ்டிக் கேன்களை முகமூடிகளாக்கினார். 304 கேன்களை அடிமைக் கப்பலின் வடிவில் அடுக்கி, ஒலியும் வாசனையும் சேர்த்தார். கண்ணாடிப் பெட்டி அகற்றிவிட்ட காதையும் மூக்கையும் பார்வையாளனுக்குத் திருப்பித் தருகிற காரியம் இது. ஆனால் அதையும் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கி 2007இல் காட்சிக்கு வைத்தது. தன்மீதான விமர்சனத்தையே சேகரத்தில் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதிகாரத்துக்கு உண்டு. அதற்காகக் கலைஞனைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அருங்காட்சியகத்துக்கு வெளியே யார் அதைப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

நம் கதை கான்பெராவில் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் திருப்பிக் கொடுத்தது. அதே கலைக்கூடத்தில் 2016இல் ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் மண் உருவங்கள் நின்றன. 1988இல் கொழும்பில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழர் இவர். மெருகு வழியும் உடல்கள், பளீர் நிறங்கள், பல்லிளிக்கும் முகங்கள், கூச்சமில்லாத குறிகள். 'இதெல்லாம் சாமியா?' என்று நம்மூரில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகமமும் ஸ்தபதியும் இல்லாமல், அகதியின் மகன் கைக்குக் கிடைத்த மண்ணில் பிசைந்த உருக்கள் அவை. அருங்காட்சியகம் உரித்துப்போட்ட நிறத்தையும் மிகையையும் அவர் தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பூசுகிறார்.

இங்கேதான் நம் 'மீட்பு' பற்றிய சொல்லாடலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. திரும்பி வந்த நடராஜர் ஸ்ரீபுரந்தனுக்குப் போகவில்லை. கும்பகோணத்திலுள்ள சிலைக் காப்பகத்துக்குப் போனார். பாதுகாப்புக் காரணம் புரியாமல் இல்லை. ஆனால் வழக்குச் சொத்தாகப் பூட்டப்பட்ட தெய்வம் கண்ணாடிப் பெட்டித் தெய்வத்தைவிட எந்த வகையில் நம்முடையது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அலங்காரத்தைத் திரும்பக் கேட்கிறவர்கள், யார் தொடலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்ற ஒழுங்கையும் சேர்த்தா கேட்கிறார்கள்? சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வந்தது 1947இல்தான். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் தெய்வத்தின் முன் நிற்க யாரும் சாதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலனியம் உரித்தது உண்மை. அந்த உரித்தல் சிலரைப் பக்கத்தில் நிற்க விட்டதும் உண்மை. ஹஸுமேயின் பிளாஸ்டிக்கும் நித்தியேந்திரனின் மண்ணும் முக்கியமாவது இதனால்தான். பழைய உரிமையாளரிடம் அப்படியே ஒப்படைப்பதைப் பற்றி இரண்டும் பேசவில்லை. இழந்த சேர்க்கையை இனி யார் யார் கூடிச் செய்வது என்று கேட்கின்றன. மீட்புக் குழுக்களின் கோரிக்கை மனுக்களில் இந்தக் கேள்விக்கும் ஒரு வரி இடம் வேண்டும்.